கேமராவா, சென்சாரா, பூட்டுத் திருகா? வளவு வீட்டுப் படங்களைக் காக்கும் வழிகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குள் போனால், மாட்டியிருக்கும் படங்களைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பது என் வழக்கம். பெரும்பாலும் பங்கு பிரித்த வீடுகளிலிருந்து முறையாக விலைக்கு வந்தவைதான். ஆனால் எங்கள் வீட்டுப் படமே ஒருநாள் அங்கே தொங்கினால் எதைக் காட்டி 'எங்களுடையது' என்பேன்?

எங்கள் செட்டிநாட்டு வீட்டின் முகப்பையும், முற்றத்தைச் சுற்றிய வளவையும் பார்வையாளர்களுக்குத் திறந்துவிடலாம் என்று பங்காளிகள் கூடிப் பேசியபோதுதான் இந்தக் கேள்வி உறைத்தது. "எட்டு கேமரா போட்டா முடிஞ்சுது" என்றார் பெரியண்ணன். ஆச்சி வெற்றிலையை மடித்தபடி, "ஏன்டா, கேமரா எறங்கி வந்து கையப் பிடிக்குமா?" என்று கேட்டார்கள்.

பிடிக்காதுதான். 1990 மார்ச் 18 அதிகாலை, பாஸ்டன் நகரின் கார்ட்னர் அருங்காட்சியகத்துக்குப் போலீஸ் உடையில் வந்த இருவர், காவலர்களைக் கட்டிப்போட்டுவிட்டு 81 நிமிடம் உள்ளே இருந்து 13 பொருள்களைக் கொண்டுபோனார்கள். நடமாட்டத்தைக் கண்டறியும் கருவி அவர்கள் போன இடமெல்லாம் பதிவு செய்தது. வெளியே தகவல் சொல்லும் பொத்தானோ காவலர் மேசையில் மட்டும் இருந்தது. போகும்போது கேமரா நாடாவையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அறையைக் காவல் காப்பது வேறு, அறைக்குள் இருக்கும் பொருளைக் காவல் காப்பது வேறு.

எங்களைப் போன்ற வீட்டுக்கு இரவுத் திருடனைவிடப் பகல் விரல்தான் அன்றாடத் தொல்லை. தஞ்சாவூர்ப் படத்தில் பொன் ரேக்குக்கு அடியில் புடைத்திருப்பது சுண்ணப்பொடியும் பசையும் குழைத்த கலவை. 'அசல் தங்கமா?' என்று நகத்தால் ஒருவர் சுரண்டினால் போதும், கிருஷ்ணர் கைக்காப்பிலிருந்து ஒரு துணுக்கு உதிர்ந்துவிடும். இதற்குக் கயிறு கட்டி, பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்துவதுதான் சிறந்தது. கேமரா பதிவைப் பார்த்து யார் சுரண்டினார்கள் என்று தெரிந்துகொண்டு என்ன செய்வது? கண்ணாடிப் பெட்டி இன்னும் பத்திரம். ஆனால் எனாமல் பூசிய மங்குச் சாமான், பர்மா அரக்குப் பெட்டி போன்ற சிறுபொருள்களுக்குத்தான் அது பொருந்தும். நாலடிப் படத்தைப் பெட்டிக்குள் அடைத்தால் வளவு நகைக்கடை மாதிரி ஆகிவிடும்.

உண்மையான போட்டி சென்சாருக்கும் பூட்டுத் திருகுக்கும்தான்.

சட்டத்தின் பின்னால் ஒட்டும் வயர்லெஸ் சென்சார், படம் அசைந்த நொடியிலேயே கத்தும். பெரிய அருங்காட்சியகங்களுக்கு அது சரி. எங்கள் வீட்டில் ஒரு வாரம் சோதித்துப் பார்த்தோம். தடித்த செங்கல் சுவரைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குச் சிக்னல் போகவே திணறியது. புறா சட்டத்தின்மேல் வந்து உட்கார்ந்தாலும் அலாரம், ஆடி மாதக் காற்றில் கதவு அறைந்தாலும் அலாரம். நான்காம் நாள் வாட்ச்மேன் சத்தத்தையே நிறுத்தி வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பொருத்த வந்தவர் உணர்திறனைக் குறைத்து வைக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பூட்டுத் திருகு அலாரம் அடிக்காது. சட்டத்தைச் சுவரோடு பிணைக்கும் தகடு அது. அதற்கென உள்ள சாவி இல்லாமல் எளிதில் கழற்ற முடியாது. நொடிகளில் தூக்கிப் போகிற வேலையை அது நிமிடங்களாக்கும். கார்ட்னரில் ரெம்பிராண்ட் ஓவியங்களைச் சட்டத்திலிருந்து கத்தியால் அறுத்தெடுத்தார்களே என்று கேட்கலாம். அவை துணி ஓவியங்கள். தஞ்சாவூர்ப் படமோ பலகைமேல் ஒட்டிய துணியில் வரைந்தது, அறுத்துச் சுருட்ட முடியாது. ரவிவர்மா அச்சுப் படங்கள் காகிதம் என்பதால் அவற்றுக்குத் திருகு மட்டும் போதாது, சட்டத்தின் பின்பலகையையும் திறக்க முடியாதபடி அடைக்க வேண்டும்.

இதிலும் தலைவலி உண்டு. எங்கள் வீட்டுப் படங்கள் சுவரோடு ஒட்டி நிற்பதில்லை, கீழே நின்று பார்ப்பவருக்காகத் தலையை முன்னே சாய்த்துத் தொங்குகின்றன. தகடு சுவரை எட்டாது. ஆசாரியை வைத்து ஆப்பு வடிவில் தேக்குக் கட்டை செதுக்கி அடியில் கொடுத்தோம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகிய சுவரை டிரில்லிங் மெஷினின் சுத்தியல் அடி பிளந்துவிடும், அதனால் அடி இல்லாமல் மெதுவாகத்தான் துளை போட்டோம். படத்தின் பலகையில் திருகே படக்கூடாது, சட்டத்தில் மட்டும்தான். மழையில் ஓடு ஒழுகினாலோ தீப்பிடித்தாலோ உடனே கழற்ற வேண்டும், ஆகவே ஒரு சாவி சென்னையில் இருக்கும் பங்காளியிடம் போகாமல் வீட்டிலேயே இருக்கட்டும்.

என் தேர்வு: எல்லாப் படத்துக்கும் திருகு, விலைமதிக்க முடியாத இரண்டுக்கு மட்டும் சென்சார், பகலில் கயிறும் ஆளும். கேமரா கடைசியில், அதுவும் வாசலுக்கு மட்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் போட்டோ பதிவேடு. ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜர் சிலை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வரை போய் 2014இல் திரும்பி வந்ததற்கு, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படங்கள் பெரிய சான்று. முன்பக்கம், பின்பக்கம், அளவு, கீறல், எந்த மூலையில் எந்தக் கல் உதிர்ந்திருக்கிறது என்பதுவரை எழுதி வைத்தோம். நூறு வயது தாண்டிய ஓவியங்களை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்யவும் இந்தப் போட்டோக்கள் வேண்டும்.

இன்னொன்றும் செய்தோம், காசு செலவில்லாதது. 1911 ஆகஸ்டில் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்திலிருந்து மோனலிசாவைத் தூக்கிப்போனவர் அங்கே முன்பு வேலை பார்த்தவர். வெற்றுச் சுவரைப் பார்த்தவர்கள் 'போட்டோ எடுக்கக் கொண்டுபோயிருப்பார்கள்' என்று இருந்துவிட்டதால், திருட்டு மறுநாள்தான் தெரிந்தது. அதனால் எங்கள் வீட்டில் எந்தப் படத்தைக் கழற்றினாலும் அந்த இடத்தில் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். இப்போது பட்டாலையில் சரஸ்வதி இருந்த ஆணிக்குக் கீழே ஆச்சி கையெழுத்தில் ஒன்று ஒட்டியிருக்கிறது: 'சட்டம் மாத்தப் போயிருக்கு. செவ்வாய் வரும்.'