செட்டிநாட்டு ‘ஆற்றங்கரை மவுண்டன் பைக் சவாரி’: முன்பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

காரைக்குடியை மையமாக வைத்து ‘ஆற்றங்கரை எம்டிபி சவாரி’ (எம்டிபி என்றால் மவுண்டன் பைக்) என்று ஒரு விளம்பரம் வாட்ஸப் குழுக்களில் சுற்றுகிறது. ஆளுக்கு 3,800 ரூபாய், சைக்கிளுக்கு டெபாசிட் 5,000. திருச்சியிலிருந்து நானும் மைத்துனரும் கல்லூரியில் படிக்கும் அவர் மகளும் தை மாதக் கடைசியில் போனோம். நடத்துகிறவரின் பெயரை எழுதப் போவதில்லை. நாங்கள் பணம் கட்டும்போது இருந்த பெயர் இப்போது அந்த விளம்பரத்திலேயே இல்லை. பெயர் மாறினாலும் வேலை செய்யும் விதம் மாறாது, அதைச் சொன்னாலே ஆளை அடையாளம் தெரிந்துவிடும்.

முதலில் படங்கள். விளம்பரத்தில் மணிமுத்தாறு என்று போட்டு, பாறைகளுக்கு நடுவே தெளிந்த தண்ணீரும் பின்னால் பச்சை மலையும் காட்டியிருந்தார்கள். செட்டிநாட்டிலும் மணிமுத்தாறு உண்டு, சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்ப் பக்கம். ஆனால் அருவியும் அணையும் மலையும் உள்ள மணிமுத்தாறு திருநெல்வேலி மாவட்டத்தில், அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயர் ஒன்றாக இருப்பதை வைத்து அந்தப் படத்தை இந்த ஆற்றுக்கு ஒட்டிவிட்டார்கள். மைத்துனர் போனில் கேட்டபோது வந்த பதில்: “சார், அது ஆத்தோட மேல்பகுதி சார்.” பல மாவட்டம் தாண்டிய மேல்பகுதி!

இந்தப் பக்கத்து ஆறுகள், மணிமுத்தாறு, தேனாறு, பாம்பாறு, விருசுழியாறு எல்லாமே மழையை நம்பிய ஆறுகள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தால் ஓடும். நாங்கள் போனபோது மணல், நாணல், ஓரிடத்தில் மாடு படுத்திருந்த குட்டை, கரையெல்லாம் சீமைக்கருவேலம். இதில் ஊரின் குற்றம் ஒன்றுமில்லை. இங்கே தண்ணீர் ஆற்றில் நிற்காது, கண்மாயில் நிற்கும். ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். கண்மாய்க்கரை, வரத்துக்கால் ஓரம், செம்மண் பாதை, நடுநடுவே ஊருணி, பனைமரம் என்று ஏற்ற இறக்கமே இல்லாமல் நாள் முழுக்க ஓட்டலாம். உள்ளதை உள்ளபடி ‘கண்மாய்க்கரைச் சவாரி’ என்று சொல்லி விற்றிருந்தாலே நான் பணம் கட்டியிருப்பேன். எதற்கு இந்தப் பொய் என்றுதான் இன்னமும் புரியவில்லை.

சைக்கிளில் செய்தது அதைவிட மோசம். சொன்னது அலுமினிய பிரேம், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், டியூப்லெஸ் டயர். வந்தது கனத்த இரும்பு பிரேம், கேபிள் இழுக்கும் டிஸ்க், சாதா டியூப். முன்சக்கரம் சுற்றும்போதெல்லாம் டிஸ்க் உரசி, பிரேக் பிடித்தபடியே ஓடியது. மைத்துனருக்கு இடுப்புவலி உண்டு என்று தெரிந்ததும் ‘டபுள் சஸ்பென்ஷன்’ என்று 1,500 கூடுதலாக வாங்கினார்கள். இந்த மாதிரி சமநிலத்துக்கு முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் தாராளமாகப் போதும். மலிவான டபுள் சஸ்பென்ஷன் சைக்கிளில் மிதிக்கிற மிதியில் ஒரு பங்கு அந்த ஸ்பிரிங்குக்கே போய்விடும். அவர் பாவம், வண்டி குதிக்கக் குதிக்கத் தானும் குதித்துக்கொண்டே வந்தார்.

டியூப்லெஸ் விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மண்ணில் எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஆற்று மணலில் காற்றைக் குறைத்து ஓட்டினால்தான் டயர் பரந்து மேலே நிற்கும். காற்று அதிகமாக இருந்தால் கத்தி மாதிரி இறங்கிவிடும். ஆனால் டியூப் போட்ட டயரில் காற்றைக் குறைத்தால், கல்லிலோ வேரிலோ ஏறும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கிக் கிழியும். ஆக எப்படிப் போனாலும் அடி. அது போதாதென்று கருவேல முள். டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் சீலன்ட் என்ற திரவம் சின்ன முள் ஓட்டையைத் தானே அடைத்துவிடும், சீலன்ட் ஊற்றாத சாதா டியூபில் அந்த வசதி கிடையாது. மணிமுத்தாற்றில் இறங்கியதும் என் பின்சக்கரம் போனது, அடுத்து மைத்துனர் மகளுடையது. எங்களுக்கு ஒரு மாற்று டியூப் கொடுக்கவில்லை, பம்பும் கொடுக்கவில்லை. பின்னாலேயே வரும் என்று சொன்ன வேன் வரவே இல்லை. உச்சி வெயிலில் இரண்டு சைக்கிளையும் தள்ளிக்கொண்டு சாலைக்கு வந்து, ஒரு மோட்டார் சைக்கிள் பஞ்சர் கடையில் ஒட்டினோம். அந்தக் கடை அண்ணன் செய்த முதல் வேலை, டயருக்குள் பழைய துணியை விட்டு ஒரு சுற்று துடைத்தது. துணி சிக்கிய இடத்தில் முள் முனை. “இத எடுக்காம டியூப் மாட்டுனா அரை மைல்ல திரும்ப இங்கதான் வருவீங்க” என்றார். ஆளுக்கு 3,800 வாங்கியவர் சொல்லித்தர வேண்டியதை அறுபது ரூபாய் வாங்கியவர் சொல்லித்தந்தார்.

‘அனுபவமுள்ள வழிகாட்டி’ என்று வந்தவன் டிவிஎஸ் எக்ஸெல்லில் ஒரு பையன். “அண்ணே, ஆத்துப்பாதையெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணே. கூடப் போய்ட்டு வான்னு மட்டும்தான் சொன்னாரு” என்று அவனே ஒப்புக்கொண்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கும் அன்றைய கூலி போய்ச் சேர்ந்ததோ என்னவோ.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது வேட்டங்குடியில். 1977 முதல் பறவைகள் சரணாலயம் அது. பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அப்படிப்பட்ட ஊரில், கண்மாய்க்கரை மேலேயே சைக்கிள் ஓட்ட ‘வனத்துறை அனுமதி வாங்கியாச்சு’ என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள். கரையில் ஏறுவதற்குள் ஒரு பெரியவர் கையை நீட்டி நிறுத்தினார். “தம்பி, குஞ்சு இருக்குற நேரம். கரையில வண்டி வேணாம், எறங்கிப் போய்ப் பாருங்க.” அனுமதி இருக்கிறதாமே என்று மைத்துனர் கேட்டதும், “யாரு குடுத்தா?” என்று சிரித்தார். சைக்கிளைக் கீழேயே நிறுத்திவிட்டு நடந்துபோய் நத்தைக்குத்தி நாரைகளைப் பார்த்தோம். அந்தப் பயணத்தில் உருப்படியாக இருந்தது அந்த நேரம் ஒன்றுதான்.

மறுநாள் ‘தேனாற்றுப் பாதை’ என்று ஒரு ஜிபிஎக்ஸ் கோப்பு (ஜிபிஎஸ் வழித்தடக் கோப்பு) அனுப்பினார்கள். போனில் திறந்தால் கோடு ஒரு கண்மாயின் நடுவே போகிறது, ஒரு தோட்டத்தின் சுவரைத் தாண்டுகிறது. யாரும் ஓட்டிப் பதிவு செய்த பாதை இல்லை, உட்கார்ந்த இடத்தில் வரைபடத்தின் மேல் இழுத்த கோடு. இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். நிஜமாக ஓட்டிப் பதிவானதில் ஒவ்வொரு புள்ளிக்கும் தேதியும் நேரமும் இருக்கும், வரைந்ததில் பெரும்பாலும் இருக்காது. கடைசியில் அன்று நாங்கள் ஓட்டியது லாரி பறக்கும் திருமயம் சாலையில், கானாடுகாத்தான் வரை. வழியில் பழம்பொருள் கடை, சேலைக் கடை, ஆத்தங்குடிக் கல் கடை. எதற்கு நிறுத்தினார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் கடைசி அடி. பின்பக்க கியர் மாற்றும் டீரெய்லர் வளைந்திருக்கிறதாம், ‘ஃபுல் செட்’ மாற்ற வேண்டுமாம், என் டெபாசிட்டில் 4,500 பிடித்துக்கொண்டார்கள். வளைந்திருந்தது டீரெய்லர் இல்லை, அதை பிரேமோடு சேர்க்கும் ஹேங்கர் என்ற சின்னத் துண்டு. வண்டி சாய்ந்தால் முதலில் வளைந்து மற்றதைக் காப்பாற்றத்தான் அது இருக்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். நல்லவேளை, முதல் நாள் காலை கிளம்பும் முன் மைத்துனர் மகள் எடுத்த படத்தில் அது ஏற்கெனவே உள்பக்கமாக வளைந்திருப்பது தெளிவாகத் தெரிகிறது. காட்டினோம். “அது போட்டோ ஆங்கிள் சார்” என்றார்.

வாடகைக்கு எடுக்கிறவர்கள் அந்தப் படத்தைக் கட்டாயம் எடுங்கள்: பின்பக்கமிருந்து கியர், இரண்டு ரிம், பிரேக் லீவர், பிரேமின் அடிப்பக்கம். எடுத்ததும் அவர்களுக்கே வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள், நேரம் பதிவாகிவிடும். பணம் கட்டும் முன் அதே மாதத்தில் எடுத்த ஆற்றுப் படம் கேளுங்கள். உங்களுக்குத் தரப்போகும் சைக்கிளின் படத்தையும் கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அதில் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இதற்காகச் சிவகங்கைக்கு அலைய வேண்டியதில்லை, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு சைக்கிளே தராமல் போனை அணைத்துவிட்டால் அது வேறு வகை, உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

எங்களுக்கு ரசீது எதுவும் தரவில்லை. யுபிஐ பரிவர்த்தனை எண், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், மொத்த வாட்ஸப் உரையாடல், அந்த ஹேங்கர் படம், இவ்வளவையும் வைத்து 1915-இல் புகார் பதிவு செய்தோம். அதற்கப்புறம் அவரிடமிருந்து ஒரு வார்த்தை கூட இல்லாமல் 2,000 ரூபாய் மட்டும் கணக்குக்கு வந்தது. மீதி 2,500-க்கும் மைத்துனரின் 1,500-க்கும் சேர்த்துத் திருச்சி ஆணையத்தில் மனு தயாராகிறது. இதே ஆளிடம் பணம் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் உங்கள் ஸ்கிரீன்ஷாட்டை எனக்கு அனுப்புங்கள், மனுவோடு இணைக்கிறேன்.