வெங்காய கிட்: திருப்பி அனுப்ப ஏழு நாள், விதை முளைக்கவே ஏழு நாள்

ஆன்லைனில் 399 ரூபாய்க்கு வாங்கிய 'மாடித்தோட்ட வெங்காய கிட்' பற்றிய எச்சரிக்கை இது. மூன்று விதைப் பாக்கெட், கால் கிலோ விதை வெங்காயம், ஐந்து கிலோ மண் கலவை. அட்டையில் '45 நாளில் அறுவடை' என்று கொட்டை எழுத்து. ஐந்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. புகார் செய்ததற்கு விற்றவர் அனுப்பிய பதில் ஒரே வரி: "தண்ணி ஜாஸ்தியா விட்டிருப்பீங்க." தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

'வெங்காய விதை' என்று மட்டும் எழுதியிருந்த முதல் பாக்கெட்டில் இருந்தது கருஞ்சீரகம். வடக்கே கலோஞ்சி என்பார்கள். மளிகைப் பாக்கெட்டுகளில் இதையே ஆங்கிலத்தில் 'ஆனியன் சீட்' என்று அச்சடிப்பதும் உண்டு. அறியாமல் அனுப்பினாரோ, அறிந்தே அனுப்பினாரோ. இரண்டும் கறுப்பு, இரண்டும் கோணல்மாணல், கண்ணால் பார்த்தால் ஏமாந்துதான் போவோம். பத்து விதையை நசுக்கி முகர்ந்தால் தெரிந்துவிடும்: கருஞ்சீரகத்தில் மூக்கைத் துளைக்கும் மருந்து வாசம், வெங்காய விதையில் அப்படி எதுவும் இருக்காது. முளைத்த பிறகு சந்தேகமே வராது. வெங்காயம் ஒற்றைத் தாளாக, மடித்த ஊசி மாதிரி கொக்கி போட்டுக்கொண்டு வெளியே வரும். கருஞ்சீரகத்துக்கு இரண்டு விதையிலை, பின்னால் சோம்புச் செடி போலக் கீற்றுக் கீற்றாக இலை.

இரண்டாவது பாக்கெட்தான் பொல்லாதது, ஏனென்றால் அது நன்றாகவே முளைக்கும். 'ஒயிட் ஜெயன்ட்', வெளிநாட்டு ரகம், படத்தில் தேங்காய் அளவுக்கு வெங்காயம். நான்கு மாதம் ஆகியும் தாள் மட்டும் வளர்ந்தது, கழுத்து தடித்தது, கிழங்கு கட்டவில்லை. வெங்காயம் எப்போது கிழங்கு கட்ட வேண்டும் என்பதை முக்கியமாக முடிவு செய்வது பகல் பொழுதின் நீளம். குளிர் நாடுகளின் நெடும்பகல் ரகங்களுக்கு 14 மணி நேரமும் அதற்கு மேலும் வெளிச்சம் வேண்டும். சென்னையில் ஜூன் மாத நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. தெற்கே போகப் போக இன்னும் குறையும். எந்த உரம் போட்டாலும் இது மாறாது. வெங்காயத்தாளாக அறுத்துப் பொரியலில் போடலாம், அவ்வளவுதான். பெரிய வெங்காயம் வேண்டுமென்றால் என்-53, அக்ரிபவுண்ட் டார்க் ரெட் போன்ற குறும்பகல் ரகப் பெயர் பாக்கெட்டில் இருக்க வேண்டும். ரகப் பெயரே இல்லையென்றால் வாங்காதீர்கள்.

மூன்றாவது, 'சின்ன வெங்காயம் ஹைபிரிட்'. இருபது விதையை ஈர டிஷ்யூவில் சுருட்டி டப்பாவில் மூடி வைத்ததில் 12 நாளில் முளைத்தவை மூன்று. சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 70 சதவீதம். காய்கறி விதைகளில் சீக்கிரம் உயிர் போகிற வகை வெங்காயம். நம் ஊர் வெக்கையிலும் ஈரப்பதத்திலும் ஓராண்டு தாண்டினால் நம்ப முடியாது. பாக்கெட்டில் 'பேக்கிங் தேதி' இருந்தது, பரிசோதனைத் தேதியும் குவியல் எண்ணும் இல்லை. பழைய விதையை நேற்று பாக்கெட் போட்டாலும் பேக்கிங் தேதி நேற்றுதான்.

அந்த 45 நாள் கதையையும் சொல்லிவிடலாம். விதையிலிருந்து என்றால் நாற்றைப் பிடுங்கி நடவே ஏறக்குறைய அத்தனை நாள் ஆகும். விதைக்காய் (விதை வெங்காயம்) நட்டால்கூடச் சின்ன வெங்காயத்துக்கு 60, 65 நாளாவது ஆகும். விதை மூலம் வளர்க்கவென்றே கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 5 ரகம் இருக்கிறது. ஆனால் நாலு தொட்டிக்கு விதைக்காய்தான் சுலபம்.

விதை வெங்காயமும் வீண்தான். புது அறுவடை, கழுத்து ஈரம் காயவில்லை, தோலை உரித்தால் கரிப்பொடி போலக் கரும்பூஞ்சை, அடித்தட்டை அழுத்தினால் நாலில் ஒன்று பிசுபிசுத்தது. புதிதாகப் பிடுங்கிய காய் உறக்கத்தில் இருக்கும், உடனே முளைக்காது. அதற்குள் ஈர மண்ணில் அழுகிவிடும். இரண்டு மாதம் காற்றாட இருந்த, கெட்டியான, நடுத்தரக் காயை மளிகைக் கடையிலேயே பொறுக்கி எடுக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சூடோமோனாஸ் (அழுகலைத் தடுக்கும் நன்மை பாக்டீரியாப் பொடி) கரைத்து நனைத்து, நிழலில் உலர்த்தி, நுனி மண் மட்டத்தில் தெரியும்படி 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஊன்றுங்கள். இரண்டடிக்கு ஓரடிப் பையில் 18 காய் போதும். ஆழம் ஒன்பது அங்குலம் போதும், 18 அங்குலப் பையைத் தலையில் கட்டுவார்கள், வேண்டாம். அறுவடைக்குப் பத்து நாள் முன்னால் தண்ணீரை நிறுத்துங்கள்.

மண் கலவை என்று வந்தது பெரும்பாலும் கழுவாத தேங்காய் நார்க்கழிவு. கழுவாததில் உப்பு இருக்கும். உப்பை வெங்காயம் தாங்காது, தாள் நுனி கருகும். ஊறவைத்துப் பிழிந்த தண்ணீர் டீ நிறத்தில் இருந்தால், நிறம் வெளுக்கும் வரை மூன்று நான்கு முறை அலசிக் கொட்டுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒன்று, அலசிய நார்க்கழிவு ஒன்று சரியாக இருக்கும்.

இனி தலைப்பில் சொன்ன கணக்கு. திருப்பி அனுப்ப அவகாசம் ஏழு நாள். வெங்காய விதை தலைகாட்டுவதே ஆறாம் ஏழாம் நாள். தொட்டியில் தூவிவிட்டுக் காத்திருந்தால் அவகாசம் போய்விடும். எனவே வந்த அன்றே லேபிளைப் படம் எடுங்கள், நசுக்கி முகருங்கள், டிஷ்யூ சோதனையைத் தொடங்குங்கள். ஆறாம் நாள் ஒன்றுகூட வெடிக்கவில்லையென்றால் அன்றே திருப்பி அனுப்பக் கோருங்கள். பாதி விதையைப் பாக்கெட்டிலேயே விட்டு வையுங்கள், பின்னால் ஆய்வுக்கூடத்தில் சோதிக்க மாதிரி வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915. விதை விஷயத்தில் நுகர்வோர் மன்றம் போகலாம் என்று 2012-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதே கிட் இப்போது வேறு பெயரில், அதே தேங்காய் அளவு வெங்காயப் படத்தோடு விற்பனையில் இருக்கிறது. அறுவடை 40 நாளாகக் குறைந்திருக்கிறது.