திருச்சியில் ஐந்து நிமிடக் கிரெடிட் கார்டு

சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு ஊருக்குப் போகும் நம்மவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடை வாசலிலும் மொபைல் செயலியிலும் ‘உடனே அப்ரூவல்’ என்று கூவிக் கொடுக்கும் கிரெடிட் கார்டு பெரும்பாலும் நமக்கானது இல்லை. ஊரிலேயே சம்பளம் வாங்கி, அங்கேயே வரி கட்டி, பைக் லோனோ நகைக் கடனோ வாங்கி அடைத்தவர்களுக்கானது அது. இந்த முறை திருச்சிக்குப் போனபோது தங்கை மகனுக்கு ஒரு கார்டு, எனக்கு ஒரு கார்டு என்று அலைந்ததில் இரண்டு பக்கமும் பார்க்கக் கிடைத்தது.

என்.எஸ்.பி. சாலையில் ஒரு பெரிய துணிக்கடை வாசலில் சின்ன மேசை, ஒரு டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பையன். “பேப்பரே வேண்டாம் சார், பான் நம்பரும் மொபைல்ல வர்ற ஓடிபியும் சொன்னா போதும். லைஃப்டைம் ஃப்ரீ.” கட்டண விவரத்தைக் காட்டு தம்பி என்றேன். “கார்டு வந்ததும் மெயில்ல வந்துடும் சார்” என்றான். அங்கேதான் இடித்தது. ரிசர்வ் வங்கி 2022-இல் போட்ட விதிப்படி, வட்டி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் சொல்லும் விவரத்தாளை விண்ணப்பத்தோடு சேர்த்தே கொடுத்தாக வேண்டும். விடாமல் கேட்டபின் டேப்லெட்டில் எங்கோ தோண்டிக் காட்டினான். முதல் வருஷம்தான் இலவசம்; அடுத்த வருஷத்திலிருந்து ஆண்டுக் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. பையனைத் திட்டி என்ன பயன், அவனுக்கு டார்கெட். நன்றி சொல்லிவிட்டு வேட்டி எடுக்க உள்ளே போய்விட்டோம்.

பான் நம்பரைக் கொடுத்ததும் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. சிபில் மாதிரியான கடன் தகவல் நிறுவனத்தில் நம் பெயரைக் கணினி தேடுகிறது. 300-இலிருந்து 900 வரை ஒரு மதிப்பெண், பழைய கடன்கள், கட்டிய விதம் எல்லாம் வந்துவிடும். ஐந்து நிமிடத்தில் பதில் வருவது இதனால்தான். ஆனால் இப்படி விண்ணப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த அறிக்கையில் பதிவாகிறது. ஒரே வாரத்தில் நாலு இடத்தில் தட்டிப் பார்த்தால், இவனுக்குப் பண முடை போல என்று அடுத்த வங்கி நினைக்கும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதை வாங்கிப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்கலாம். சிங்கப்பூரில் நாம் ஒழுங்காகக் கட்டிய கதையெல்லாம் அங்கே தெரியாது.

மருமகனுக்கு அவன் சம்பளம் வரும் வங்கியின் செயலியிலேயே கார்டு காத்திருந்தது. ஒப்புதல் ஒரு நொடியில் வந்தது. மதியத்தைத் தின்றது வீடியோ சரிபார்ப்புதான். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான், முகம் இருட்டாக இருக்கிறது என்றார் அந்தப் பக்கம் இருந்த அதிகாரி. திரும்பி உட்கார்ந்தான். பான் அட்டையைக் காட்டினால் மேலே மாட்டியிருந்த பிளாஸ்டிக் உறை பளபளத்து எழுத்தே தெரியவில்லை. உறையைக் கழற்றினான். வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார். ஃபேன் காற்றில் தாள் பறந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. “மாமா, ஃபேனை நிறுத்துங்க!” வேர்வையோடு கையெழுத்தைக் கேமராவில் காட்டி முடித்தான். கார்டு எண் அன்றைக்கே செயலியில் வந்துவிட்டது, அட்டை பின்னால் கூரியரில் வந்தது.

அவனுக்கு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். கடனில் 20,000 ரூபாய் நிற்கிறது, குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம், அதாவது 1,000 ரூபாய் மட்டும் கட்டுகிறாய் என்று வைத்துக்கொள். மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி 700, அதற்கு ஜி.எஸ்.டி. 126. நீ கட்டிய ஆயிரத்தில் அசலுக்குப் போவது 174 ரூபாய்தான். மாதம் மூன்றரை என்றால் சின்னதாகத் தெரியும், வருஷத்துக்கு 42 சதவீதம். முழுசாகக் கட்டாமல் விட்டால் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. ஏடிஎம்மில் இந்த அட்டையைப் போட்டுப் பணம் எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி, தனியாகக் கட்டணமும் உண்டு. பையன் முகம் கொஞ்சம் தொங்கிப்போனது. சரி, தொங்கட்டும்.

இனி நம் விஷயம். செயலியில் ‘இந்தியாவில் வசிப்பவரா?’ என்று ஒரு கேள்வி வரும். ஆதார் இருக்கிறது, ஊர் முகவரி இருக்கிறது, ஆம் என்று தட்டிவிட்டால் என்ன என்று தோன்றும். தட்டக் கூடாது. வெளிநாட்டில் வேலையில் இருப்பவரின் பழைய சேமிப்புக் கணக்கையே அந்நியச் செலாவணிச் சட்டப்படி என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாட்டில் இருப்பவர் ஊரில் வரும் பணத்தைப் போட்டுவைக்கும் கணக்காக, மாற்றியிருக்க வேண்டும். கார்டுக்காகப் பொய்யான உறுதிமொழி தருவது வம்பை விலைக்கு வாங்குவது.

நமக்கு உள்ள நேர்வழி, ஃபிக்சட் டெபாசிட்டை ஈடாக வைத்து வாங்கும் கார்டு. தில்லை நகரில் என் வங்கிக் கிளையில் அப்படித்தான் செய்தேன். டெபாசிட்டில் ஒரு பங்குதான் கடன் வரம்பாகக் கிடைக்கும், வங்கிக்கு வங்கி அது மாறும். கார்டு இருக்கும்வரை டெபாசிட்டை உடைக்க முடியாது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். என்.ஆர்.இ. டெபாசிட்டாக, அதாவது வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கான வைப்பாக, போடுங்கள். அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, என்.ஆர்.ஓ.வில் 30 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடுவார்கள். ஒரு வருஷமாவது ஓடினால்தான் என்.ஆர்.இ. வைப்புக்கு வட்டி என்பதையும் நினைவில் வையுங்கள். ஓடிபி எந்த எண்ணுக்கு வரும் என்று கையோடு கேட்டுவிடுங்கள். ஊர் சிம் என்றால் அதை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருக்க வேண்டும். அம்மாவுக்கு ஒரு கூடுதல் அட்டையும் கேட்டேன், மருந்துக் கடையில் தேய்த்துக்கொள்ளலாம். அந்தச் செலவுக்கும் பொறுப்பு நான்தான்.

கேட்காமலே அட்டை வீட்டுக்கு வந்து சேர்ந்தால் ஓடிபி சொல்லாதீர்கள். வந்து 30 நாளுக்குள் பயன்பாட்டுக்குக் கொண்டுவராத கார்டுக்கு வங்கி ஓடிபி மூலம் சம்மதம் கேட்க வேண்டும், சம்மதம் இல்லையென்றால் காசு வாங்காமல் மூட வேண்டும். நாமே மூடச் சொன்னாலும், பாக்கி எதுவும் இல்லாவிட்டால் 7 வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும்; தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும். வங்கியில் புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லையென்றால் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம், விவரம் கேட்க 14448.