இரண்டு பக்கக் கட்டுரையும் ஒரு கறுப்பு வெள்ளைப் படமும்

லண்டன் மச்சான் அனுப்பிய பார்சலில் சொக்லேட்டுகளுக்கு இடையில் ஒரு கணினிச் சஞ்சிகையும் இருந்தது. "உன்ரை விசருக்கு ஏற்ற சாமான், 24ஆம் பக்கத்தைப் பார்" என்று வட்ஸ்அப்பில் சொல்லியிருந்தார்.

பார்த்தால் யூஸ்பொக்ஸ். அலெக் பூர்க் என்பவர் 2008இல் வெளியிட்ட, ரிவியில் போட்டு விளையாடும் சின்னப் பெட்டி. சுற்று வரைபடம், நிரல் எல்லாம் திறந்த மூலம். யாரும் எடுத்துச் செய்யலாம்.

கட்டுரை இரண்டு பக்கம். அதில் ஒன்றரைப் பக்கம் படம், மீதி முழுக்கச் சிறுவயது ஏக்கம். எழுதியவர்கள் ரிவிக்கு முன்னால் இருந்து விளையாடிய 90களில் வன்னியில் கறண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோம். 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகுதான் வவுனியாவில் இருந்து எங்கள் பக்கம் ஒரு ரிவி கேம் வந்தது. ஜெனரேற்றரில் எண்ணெய் முடியும்வரை விளையாட்டு. பெட்டியில் லட்சக்கணக்கில் கேம் என்று போட்டிருக்கும், எண்ணிப் பார்த்தால் இருபது தேறாது.

சரி, ஏக்கம் அவர்களோடு இருக்கட்டும். எனக்குப் பிடித்த பகுதியைச் சஞ்சிகை மூன்று வரியில் முடித்துவிட்டது. உள்ளே முக்கியமாக இரண்டே சிப். முதலாவது, மூளையான ஏடிமெகா 644. அதில் நிரலுக்கு 64 கிலோபைட், ராம் 4 கிலோபைட். 20 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்குச் செய்த சிப்பை 28க்கு மேல் ஓட்டுகிறார்கள். படத்துக்கென்று தனிச் சிப் கிடையாது. இதுவே கோடு கோடாகப் படத்தை வரைந்து, சத்தமும் போட்டு, கிடைக்கிற மிச்ச நேரத்தில் விளையாட்டையும் நடத்துகிறது. 256 நிறமும் சில்லறை ரெசிஸ்டர்களால் வருகிறது. அதை ரிவியின் மஞ்சள் வயருக்கு ஏற்றபடி மாற்றுவது இரண்டாவது சிப், ஏடி725.

சஞ்சிகையில் சுற்று வரைபடம் இல்லை. இணையத்தில் இருந்து இறக்கி, இரண்டு தாளில் பிரதி எடுத்து ஒட்டிக்கொண்டு, பரந்தனில் ரிவி திருத்தும் அண்ணையிடம் போனேன். அவருக்கு ஆங்கிலம் ஓடாது. விரலால் கோட்டைப் பிடித்துக்கொண்டே போய், பத்து நிமிடத்தில் "விளங்கிட்டுது" என்றார். ஏடி725இன் கால்களுக்கு இடையில் 1.27 மில்லிமீற்றர்தான். நான் சோல்டர் பண்ணியதில் இரண்டு கால் ஒட்டிக்கொண்டது. அவர் செப்புப் பின்னலை வைத்து ஈயத்தை உறிஞ்சி எடுத்தார்.

கடையில் கிடந்த 14 அங்குல ரிவியில் போட்டோம். எங்கள் பக்கம் பழைய ரிவி என்றால் 2009க்குப் பிறகு வாங்கியதுதான், அதற்கு முந்தியதெல்லாம் இடப்பெயர்வோடு போய்விட்டது. படம் கறுப்பு வெள்ளையில் மேலே மேலே ஓடியது. இரண்டு நாள் ரெசிஸ்டர்களைச் சந்தேகப்பட்டேன். பிழை அங்கே இல்லை: யூஸ்பொக்ஸ் தருவது என்ரிஎஸ்சி (NTSC) என்ற அமெரிக்க முறைச் சிக்னல், இலங்கை ரிவிக்கு வேண்டியது பிஏஎல் (PAL) என்ற வேறு முறை. இந்த ஒரு வரியைச் சஞ்சிகை எழுதியிருந்தால் இரண்டு நாள் மிச்சம். மருமகனின் தட்டை ரிவிக்கு இரண்டு முறையும் விளங்கும், அதில் போட்டதும் நிறம் வந்தது. பொடியன் கட்டை அடுக்கும் விளையாட்டை இரவு பத்துவரை விடவில்லை.

செய்ய ஆசையுள்ளவர்கள் முதலில் ரிவியைப் பாருங்கள், பிறகு சாமான் வாங்குங்கள். சஞ்சிகைக்குக் காசு கொடுக்க வேண்டாம். வரைபடம் இப்போது அண்ணையின் கடைச் சுவரில் இருக்கிறது. சஞ்சிகையை என் மேசையில் சோல்டர் அயனுக்குக் கீழே விரித்திருக்கிறேன். 25ஆம் பக்கம் கொஞ்சம் கருகிவிட்டது.