ஸ்டூடியோ போர்ட்ரெய்ட்: ரேஞ்ச்ஃபைண்டரா, மிரர்லெஸ்ஸா?

ஸ்டூடியோ போர்ட்ரெய்ட்தான் உங்கள் முக்கிய வேலை என்றால் தயங்காமல் மிரர்லெஸ் (சென்சாரில் விழும் காட்சியை வியூஃபைண்டரின் குட்டித் திரையில் காட்டும் கேமரா) பக்கம் போங்கள். லென்ஸ் வழியாக அல்லாமல் தனிக் கண்ணாடிச் சாளரம் வழியே பார்த்து, கையால் ஃபோகஸ் செய்யும் ரேஞ்ச்ஃபைண்டர் எனக்கும் மிகப் பிடித்த கேமராதான். ஆனால் அதன் பலங்களில் பாதி தெருவில் நடமாடும்போதுதான் கைகொடுக்கும்.

முதலில் ஃபோகஸ். லைக்கா எம் வகைக் கேமராவில் வியூஃபைண்டரின் நடுவே ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் இரண்டாகத் தெரியும் உருவம் ஒன்றாகச் சேரும்வரை லென்ஸ் வளையத்தைத் திருக வேண்டும். போர்ட்ரெய்ட்டில் கண் நடுவில் இருப்பது அபூர்வம். அதனால் கண்ணில் ஃபோகஸ் வைத்துவிட்டுக் கேமராவைச் சற்றுக் கீழே சாய்க்கிறோம். சிக்கல் அங்கேதான். 50 மி.மீ. லென்ஸ், ஆள் 1 மீட்டர் தூரத்தில், சாய்வு 10 டிகிரி என்று வையுங்கள். ஃபோகஸ் கண்ணுக்குச் சுமார் ஒன்றரை செ.மீ. பின்னால் விழும். லென்ஸை அகலத் திறந்த எஃப்/1.4இல் கருவிழி லேசாக மங்கி, கண்ணின் வெளி ஓரம் பளிச்சென்று வரும். ஆள் மூச்சு விடும்போது அசைவது தனிக் கணக்கு. மிரர்லெஸ்ஸில் ஐ ஏஎஃப் (கண்ணைத் தேடும் ஆட்டோ ஃபோகஸ்) கண்ணைத் தானே பிடித்துக்கொண்டு, ஃபிரேமின் ஓரத்துக்குப் போனாலும் விடாமல் தொடர்கிறது.

சரி, ஸ்ட்ரோப் (ஸ்டூடியோ ஃப்ளாஷ்) வைத்து, லென்ஸ் திறப்பைச் சுருக்கி எஃப்/8இல் எடுப்பவர்களுக்கு? அதே லென்ஸ், அதே தூரத்தில் ஏறக்குறைய 19 செ.மீ. ஆழத்துக்குத் தெளிவு கிடைக்கும்; சாய்த்த பிழை தெரியவே தெரியாது. அவர்களுக்கு ஃபிரேமிங்தான் தொல்லை. 90 மி.மீ. லென்ஸில் படத்தின் எல்லையைக் காட்டும் கோடுகள் ரேஞ்ச்ஃபைண்டரின் வியூஃபைண்டரில் ஒரு சின்னப் பெட்டியாகத்தான் தெரியும். பாரலாக்ஸுக்கு (வியூஃபைண்டரும் லென்ஸும் வேறு வேறு இடத்திலிருந்து பார்ப்பதால் வரும் விலகல்) ஏற்பக் கோடுகள் நகர்ந்தாலும், அவற்றின் அளவு மாறாது. தலைமுடியின் மேல் விளிம்பை ஒட்டி வெட்ட நினைப்பவர் ஊகத்தில்தான் எடுக்க வேண்டும்.

மிரர்லெஸ்ஸிலும் ஒரு வலை உண்டு. 1/160, எஃப்/8, ஐஎஸ்ஓ 100 என்று வைத்தால் மாடலிங் லைட் (ஃப்ளாஷோடு தொடர்ந்து எரியும் சின்ன விளக்கு) வெளிச்சத்தில் வியூஃபைண்டர் ஒரே இருட்டாகிவிடும். படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்று காட்டும் எக்ஸ்போஷர் முன்னோட்டத்தை மெனுவில் அணைத்துவிட்டால் தீர்ந்தது. அப்புறம், பல மாடல்களில் சைலன்ட் ஷட்டரில் ஃப்ளாஷ் எரியாது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ரேஞ்ச்ஃபைண்டர் ஸ்டூடியோவிலும் உண்மையாக ஜெயிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஷட்டர் விழும் நொடியிலும் வியூஃபைண்டர் கண்ணாடி வழியே ஆள் தெரிந்துகொண்டே இருப்பார். ஃப்ளாஷ் அவர் முகத்தில் விழுவதையே பார்க்கலாம். கண் சிமிட்டினாரா, உதடு இறுகியதா என்று அந்தக் கணமே தெரிந்துவிடும். பெரும்பாலான மிரர்லெஸ்ஸில் மெக்கானிக்கல் ஷட்டரோடு எடுக்கும்போது சரியாக அந்தக் கணம் திரை கறுத்துவிடுகிறது. ஆளோடு பேசிக்கொண்டே எடுக்கிறவருக்கு இது சின்ன விஷயமே இல்லை.

கம்ப்யூட்டரில் கேபிள் போட்டு டெதரிங் (எடுத்த படம் உடனே கம்ப்யூட்டருக்குப் போவது) செய்ய வேண்டுமென்றால் மிரர்லெஸ்தான் வசதி. லைக்கா எம்10இல் யுஎஸ்பி துளையே கிடையாது. எம்11இல்தான் திரும்ப வந்தது.

ஏற்கெனவே எம் லென்ஸ்கள் வைத்திருப்பவர்கள் அவற்றை விற்க வேண்டியதில்லை. எம் மவுண்டின் ஃபிளாஞ்ச் தூரம் (லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து சென்சார்வரை) 27.8 மி.மீ.; சோனி இ மவுண்ட்டுக்கு 18, நிக்கான் இஸட்டுக்கு 16. அந்த இடைவெளியில், லென்ஸை மிரர்லெஸ்ஸில் பொருத்தும் அடாப்டர் வளையம் தாராளமாக உட்காரும். நீளும் வகை அடாப்டர் வாங்கினால், பல எம் லென்ஸ்களில் இருக்கும் 0.7 மீட்டர் என்ற குறைந்தபட்ச ஃபோகஸ் தூர எல்லையைத் தாண்டி முகத்துக்கு இன்னும் அருகில் போகலாம்.