டூரிங் பைக்கை நேக்கட் ஆக்கக் கொடுக்கப் போகிறவர்கள் படியுங்கள்

நெடுந்தூரப் பயணத்துக்கான பெரிய டூரிங் பைக்கின் ஃபேரிங்கை, அதாவது முன்பக்கத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையை, கழற்றி எஞ்சின் வெளியே தெரியும் நேக்கட் பைக் ஆக்கும் யோசனை இருந்தால், ஒர்க்‌ஷாப்பில் சாவியைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

என்னுடையது 2008 யமஹா எஃப்ஜேஆர் 1300. 2018-ல் வாகன உரிமைச் சான்றிதழை, அதாவது சிங்கப்பூரில் வண்டியை வைத்து ஓட்டுவதற்கான அனுமதியை, மேலும் பத்து ஆண்டுக்குப் புதுப்பித்தேன். ஹட்யாய், கேமரன் மலை என்று அது என்னைக் கூட்டிப் போகாத இடமில்லை. ஆனால் ஏறக்குறைய 290 கிலோ. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு எங்கள் புளோக் கார்பார்க் சரிவில் அதைத் தள்ளித் திருப்ப முடியவில்லை. ஒருநாள் நின்ற இடத்திலேயே சாய்ந்துவிட்டது. விற்க மனம் வரவில்லை.

காக்கி புக்கிட் பக்கம் ஓர் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். "அண்ணே, பக்கப் பெட்டி, ஃபேரிங், முன் கண்ணாடி எல்லாத்தையும் எடுத்துட்டு ரவுண்டு லைட்டும் நேர் ஹேண்டிலும் போட்டுடலாம். அறுபது கிலோ குறைஞ்சிடும். ரெண்டே வாரம்" என்றார் அங்கிருந்தவர். 3,800 வெள்ளி பேசி 2,000 முன்பணம் கொடுத்தேன். எதையும் எழுதி வாங்கவில்லை. நம்மாள், தமிழில் பேசுகிறார் என்ற நம்பிக்கை.

அறுபது கிலோ என்பது நடக்காத காரியம். இந்த வண்டியின் பாரம் பிளாஸ்டிக்கில் இல்லை. 1298 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சின், பின்சக்கரத்தைச் சுழற்றச் சங்கிலிக்குப் பதிலாக ஷாஃப்ட் என்ற இரும்புத் தண்டு, 25 லிட்டர் டேங்க் இவற்றில்தான் இருக்கிறது. டேங்கை நிரப்பினால் பெட்ரோல் மட்டுமே பதினெட்டு கிலோ. முன்பக்கமும் மேல்பக்கமும் இருப்பதைக் கழற்றினால் கைக்குக் கொஞ்சம் இலகுவாகத் தெரியும், அது உண்மை. அதற்குமேல் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஃபேரிங் வெறும் அலங்காரமும் இல்லை. ஹெட்லைட், மீட்டர், பக்கக் கண்ணாடிகள், முன் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார், அதன் ஒயர்கள் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. மழை படக்கூடாத கனெக்டர்களும் அதற்குள்தான் ஒளிந்திருக்கும். அதை எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் புது இடம் பார்த்தாக வேண்டும். யோசித்துச் செய்கிற வேலை அது.

இரண்டு வாரம் ஏழு வாரமானது. மீதிப் பணத்தைக் கட்டி வண்டியை எடுத்த அன்றே, கார்பார்க்கில் ஹேண்டிலை இடதுபக்கம் முழுதாகத் திருப்பியபோது எஞ்சின் தானாக உறுமியது. ஆக்ஸிலரேட்டரில் நான் கையே வைக்கவில்லை. புது ஹேண்டில் அகலமாகவும் உயரமாகவும் இருக்கிறது, ஆக்ஸிலரேட்டர் கேபிள் மட்டும் பழைய நீளம். திருப்பினால் இழுபட்டு எஞ்சினுக்குத் தானே வேகம் கொடுக்கிறது. வலதுபக்கம் திருப்பிப் பார்த்தேன். பிரேக் எண்ணெய் போகும் குழாயான முன் பிரேக் ஹோஸ் கம்பிபோல் விறைத்து நின்றது. மூச்சே நின்றதுபோல் இருந்தது. இப்படி ஒரு வண்டியை மனிதன் ஓட்டக் கொடுப்பார்களா?

வேலை செய்தவருக்குப் போன் போட்டேன். "ஓட ஓட செட்டாயிடும் அண்ணே." கேபிளும் ஹோஸும் ஓட ஓட நீளாது.

தீவு விரைவுச்சாலையில் மழைக்குள் எஞ்சின் நின்றபோது வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு பதினைந்து நிமிடம் நின்றேன். லாரிகள் பக்கத்திலேயே போகின்றன. உட்லண்ட்ஸில் தெரிந்த மெக்கானிக் சீட்டைத் திறந்து காட்டினார். வெட்டிய ஒயர்களை வெறுங்கையால் முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். ஒரு கனெக்டரைக் கவிழ்த்தார், தண்ணீர் சொட்டியது.

சோதனையிலும் தோற்றது. மூன்று வயதுக்கு மேற்பட்ட மோட்டார்சைக்கிளை இங்கே ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும், தேறாவிட்டால் சாலை வரி கட்ட முடியாது. "சத்தம் நல்லா இருக்கும்" என்று கேட்காமலே எக்ஸாஸ்ட்டையும் மாற்றியிருந்தார்கள். அதற்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பழைய எக்ஸாஸ்ட்டைத் திருப்பிக் கேட்டேன். "குப்பைன்னு லாரில ஏத்திட்டோம்." ஃபேரிங்கும் பெட்டிகளும்கூட அப்படியே போய்விட்டனவாம். அடுத்த வாரம் விற்பனைப் படம் ஒன்றில் என் பெட்டிகளைப் பார்த்தேன்.

கொடுப்பதாக இருந்தால் வேலையை வரிவரியாக எழுதி வாங்குங்கள். கேபிள், பிரேக் ஹோஸ், கிளட்ச் ஹோஸ் மூன்றும் புது நீளத்தில் வருமா என்று கேளுங்கள். கழற்றிய ஒவ்வொன்றும் உங்கள் பொருள் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

சிறு கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போகிறேன். 20,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கையில் ரசீதும் புதிய மெக்கானிக் எடுத்த படங்களும் இருக்கின்றன.

என் இடதுபக்கப் பெட்டியின் மூடியில், பூட்டுக்குக் கீழே, விரல் நீளத்துக்கு வளைந்த கீறல் ஒன்று இருக்கும். கேமரன் மலையில் சுவரில் உரசியது. அதை வாங்கியவர் இதைப் படித்தால் எனக்குத் தகவல் சொல்லுங்கள். பெட்டியைத் திருப்பிக் கேட்க மாட்டேன். யாரிடம், எந்தத் தேதியில் வாங்கினீர்கள் என்று தெரிந்தால் போதும்.