பேர் ஆக்ட் கைப்புத்தகம்: எதற்கு வாங்கலாம், எதற்கு நம்பக் கூடாது

சட்டக் கல்லூரி மாணவர் முதல் ஸ்டேஷன் ரைட்டர் வரை மேசையில் வைத்திருப்பது பேர் ஆக்ட், அதாவது விளக்கவுரை இல்லாமல் சட்ட வாசகத்தை மட்டும் தரும் புத்தகம். எந்தப் பதிப்பகம் போட்டாலும் உள்ளே இருப்பது நாடாளுமன்றம் நிறைவேற்றிய அதே வாசகம்தான். நல்ல பதிப்பு எது, மட்டமான பதிப்பு எது என்பது அடிக்குறிப்பில்தான் தெரியும். அதனால் அட்டையில் போட்டிருக்கும் ஆண்டை நம்பாமல் கடையிலேயே உள்ளே புரட்டிப் பாருங்கள்.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்றால் நேராக 106(2)-க்குப் போங்கள். விபத்தில் உயிர்ப்பலி ஏற்படுத்திவிட்டு, போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தகவல் சொல்லாமல் தப்பும் ஓட்டுநருக்கு 10 ஆண்டு வரை சிறை என்கிற உட்பிரிவு அது. சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது 2023 டிசம்பர் 25. அமலுக்கு வந்தது 2024 ஜூலை 1. லாரி ஓட்டுநர்களின் போராட்டத்துக்குப் பிறகு இந்த உட்பிரிவை மட்டும் மத்திய அரசு அமல்படுத்தும் அறிவிக்கையில் சேர்க்காமல் விட்டுவிட்டது. இதைப் பற்றி ஒரு வரிகூடக் குறிப்பு இல்லாத பதிப்பை எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம்.

இதைவிடப் பெரிய சோதனையாக இருந்தது, இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ. ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஆனால் நீதிமன்றம் ஒரு பிரிவைச் செல்லாது என்று சொல்லலாமே தவிர, சட்டப் புத்தகத்திலிருந்து எடுக்க முடியாது. எடுப்பது நாடாளுமன்றத்தின் வேலை. எனவே பிரிவு முழுதாக அச்சானது, 'செல்லாது' என்ற சேதி மட்டும் பொடி எழுத்தில் அடியில் கிடந்தது. மேலே இருப்பதை மட்டும் படித்து வழக்குப் பதிவதும் தொடர்ந்தது. 2021-ல் உச்ச நீதிமன்றம் இதைக் கேட்டு அதிர்ச்சி தெரிவித்தபோது, மத்திய அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் சுட்டிக்காட்டியதும் இந்த அடிக்குறிப்பைத்தான். 2023-ல்தான் நாடாளுமன்றம் 66ஏ-வை நீக்கச் சட்டம் போட்டது. இப்படிச் செல்லாமல் போன பிரிவுக்குத் தலைப்பிலேயே குறிப்புப் போடும் பதிப்புக்குக் கூடுதல் விலை கொடுத்தாலும் தகும்.

மாநிலத் திருத்தம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மிருகவதைத் தடைச் சட்டம், 1960-ன் மத்திய வாசகத்தை மட்டும் படித்தால் ஜல்லிக்கட்டு நிலவரம் புரியாது. 2014-ல் இரண்டு நீதிபதிகள் தடை விதித்தார்கள். 2017-ல் நம் சட்டப்பேரவை திருத்தம் கொண்டுவந்து குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வாங்கியது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. பெரிய அமர்வு சொன்னதே நிற்கும்; தீர்ப்பைப் படிக்குமுன் நீதிபதிகளின் தலையை எண்ணச் சொல்வது இதற்காகத்தான்.

காசு செலவழிக்க வேண்டாம் என்பவர்களுக்கு மத்திய அரசின் 'இந்தியா கோட்' இணையதளம் போதும். சட்டத்தோடு அதன் கீழ் வந்த விதிகளும் அறிவிக்கைகளும் அங்கே இருக்கின்றன. தீர்ப்புகளுக்கு உச்ச நீதிமன்றத்தின் இணையத் தீர்ப்புத் தொகுப்பான 'இ-எஸ்சிஆர்', அதுவும் இலவசம். தீர்ப்புக்கு முன்னால் வரும் ஹெட்நோட் என்ற சுருக்கம் தீர்ப்பின் பகுதி அல்ல. மேற்கோளை உள்ளே இருக்கும் எண்ணிட்ட பத்தியிலிருந்து எடுங்கள்.

பழைய பதிப்பு பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். ஆனால் கையில் இருக்கும் இந்திய தண்டனைச் சட்டப் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றங்களுக்கு இன்னும் அதுதான் பொருந்தும்.